மாலை ஐந்து மணிக்குப் பட்டறையைப் பூட்டாதீர்கள்

தாம்பரம், தென் சென்னைப் புறநகர்ப் பகுதிகளிலுள்ள பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், ஐ.டி.ஐ.க்களின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் பட்டறைக் கண்காணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,



பல்லாவரத்தில் தொடங்கி மறைமலைநகர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபக்கமும், கிழக்கே சேலையூரிலிருந்து மேடவாக்கம், கேளம்பாக்கம் வரையும் உங்கள் வளாகங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றுள் பலவற்றில் இன்று 3டி பிரிண்டர் இருக்கிறது. லேசர் கட்டர், சி.என்.சி. லேத், மில்லிங், சர்க்யூட் போர்டு செய்து பார்க்கும் மேசை எல்லாம் இருக்கின்றன. மாணவர் சேர்க்கை விளம்பரங்களில் அவற்றின் படங்களைப் பார்க்கிறோம். மாலை ஐந்து மணிக்குக் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகக் கிளம்பியதும் அந்த அறைகள் பூட்டப்படுகின்றன. ஞாயிறு, பண்டிகை, செமஸ்டர் விடுமுறை, தேர்வுக் காலம் என்று கூட்டிப் பார்த்தால், அந்த இயந்திரங்கள் ஓடும் நேரத்தைவிட உறை போர்த்தி நிற்கும் நேரம்தான் அதிகம்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு மாலைகளும் ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பட்டறைகளை ஊர்மக்களுக்குத் திறந்துவிடுங்கள். கல்லூரி அடையாள அட்டை இல்லாதவர், பட்டம் இல்லாதவர், ஸ்டார்ட்அப் என்று எங்கும் பதிவு செய்யாதவர், கையில் ஒரு உடைந்த பாகமோ மனத்தில் ஒரு யோசனையோ மட்டும் வைத்திருப்பவர் உள்ளே வரட்டும். புதிய கட்டடமும் புதிய இயந்திரமும் நான் கேட்கவில்லை.

நான் தாம்பரத்தின் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இயந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மனிதன் யோசிக்கும் விதமே வேறு என்பதை அங்கே பார்த்திருக்கிறேன். ஒரு ஃபிக்சர் சரியாக உட்காரவில்லை என்றால் எங்கள் ஆட்கள் பென்சிலை எடுத்து ஒரு துண்டுத் தாளில் கோடு போடுவார்கள். மதியத்துக்குள் புதியது தயாராகிவிடும். அதே ஆள் வீட்டில் குழாயோ மின்விசிறியோ பழுதானால், “கடையில் கிடைக்குமா பார்” என்பதோடு நின்றுவிடுவார். அவருக்கு வீட்டில் அறிவு குறைந்துவிடவில்லை. கருவி பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கருவிகளின் விலை எப்படி இறங்கியது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் படியவைக்கும் 3டி பிரிண்டர் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை இருந்தவரை ஒரு பிரிண்டரின் விலை பல லட்சம். 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர், தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் ஒரு பிரிண்டரை வடிவமைக்கத் தொடங்கி, வரைபடங்களை எல்லோருக்கும் பொதுவில் வைத்தார். 2009-ல் மூலக் காப்புரிமை காலாவதியானது. இன்று நல்ல பிரிண்டர் ஒன்று ஒரு ஸ்மார்ட்போன் விலைக்கே கிடைக்கிறது. வரைவதற்கான ஃப்ரீகேட், இங்க்ஸ்கேப், சர்க்யூட்டுக்கான கீகேட் போன்ற மென்பொருள்கள் கட்டற்றவை. அவற்றுக்குக் காசே வேண்டாம். ஆனால் லேசர் கட்டரையும் சி.என்.சி.யையும் யாரும் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ள முடியாது. அவற்றுக்கு இடம் வேண்டும், புகைபோக்கி வேண்டும், மும்முனை மின்சாரம் வேண்டும், பக்கத்தில் தெரிந்த ஆள் வேண்டும். இவை நான்கும் ஒரே இடத்தில் இருப்பது உங்களிடம்தான்.

யார் வருவார்கள் என்று கேட்பீர்கள்.

பெருங்களத்தூரில் மிக்ஸி, கிரைண்டர், தையல் இயந்திரம் பழுது பார்க்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கடைக்கு வரும் பொருள்களில் ஒரு பகுதி, கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடல்கள். மோட்டார் நன்றாக இருக்கும், உள்ளே ஒரு சிறு நைலான் பல்சக்கரம் மட்டும் தேய்ந்திருக்கும். “பார்ட்ஸ் வர்றதில்லம்மா, புதுசு வாங்கிக்குங்க” என்று சொல்லி அனுப்பும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டு அனுபவத்தில் அந்தச் சக்கரத்தின் பற்களை எண்ணி, வெர்னியரால் அளந்து, தாளில் வரைந்து தருகிற அளவுக்கு அவருக்குத் திறமை உண்டு. அந்தத் தாளைக் கணினி வரைபடமாக மாற்றி நைலானில் அச்சிட ஒரு மாலைப்பொழுது போதும். அவர் ஒரு கல்லூரி வாசலுக்குப் போய்க் கேட்டார். காவலர் எந்த டிபார்ட்மென்ட், யாரைப் பார்க்க வேண்டும் என்றார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தார். அந்தக் காவலரை நான் குறை சொல்லவில்லை; இப்படி ஒருவர் வரலாம் என்று அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்களிடம் பேசிப் பாருங்கள். பிள்ளை தானே சாப்பிட, கைப்பிடி தடித்து வளைந்த ஒரு கரண்டி வேண்டும். எழுத, விரல்களுக்கிடையே நழுவாத பேனாப் பிடி வேண்டும். சக்கர நாற்காலியில் தலை சாயாமல் தாங்க ஒரு முட்டு வேண்டும். கடையில் கிடைப்பது ஏதோ ஒரு பொது அளவு. பிள்ளையோ ஆறு மாதத்தில் வளர்ந்துவிடுகிறது. பழைய அளவு பொருந்தாது. இந்தத் துறையில் பெரிய வேலைகள் நம் பக்கத்திலேயே நடக்கின்றன. கிண்டி ஐ.ஐ.டி.யின் டி.டி.கே. மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் 2019-ல், உட்கார்ந்திருப்பவரை எழுந்து நிற்கவைக்கும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலியை வெளியிட்டது. பிறகு ஒவ்வொருவர் உடலுக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளும் ‘நியோஃப்ளை’யைக் கொண்டுவந்தது. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. ஆனால் கரண்டிக் கைப்பிடியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் வேலைக்கு முட்டுக்காட்டுக்கோ கிண்டிக்கோ ஓட முடியாது. மாடம்பாக்கத்துத் தாய்க்கு அது சேலையூரிலேயே நடக்க வேண்டும். பிள்ளையின் கை எந்தக் கோணத்தில் வளைகிறது என்று அந்தத் தாயைவிட அறிந்த வடிவமைப்பாளர் யாரும் இல்லை. அவரிடம் வரைபடம் கேட்காதீர்கள். களிமண்ணில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் மூன்றாமாண்டு மாணவர் அதைப் பார்த்து வரையட்டும். அந்த மாணவருக்கும் எந்த மினி புராஜெக்டும் தராத பாடம் அது.

அனகாபுத்தூரை நினைத்துப் பாருங்கள். நைஜீரியாவுக்கு ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ துணி நெய்து அனுப்பிய ஊர். அந்த ஏற்றுமதி ஓய்ந்த பிறகு, மிஞ்சிய நெசவாளர்கள் வாழை நார், மூங்கில், கற்றாழை என்று இயற்கை நார்களைப் பருத்தியோடு சேர்த்துச் சேலை நெய்யத் துணிந்தார்கள். புதிய நாருக்குப் பழைய கருவி ஒத்துவராது. நாரைப் பிரிக்க, முறுக்க, நாடாவில் சுற்ற, ஒவ்வொன்றுக்கும் சிறுசிறு கருவி வேண்டும். ஒன்று செய்து பார்த்து, சரிவராமல் இன்னொன்று செய்து பார்க்க வேண்டும். இப்படி ஐந்தாறு முறை செய்து பார்க்கும் வசதிதான் இந்த இயந்திரங்களின் உண்மையான பயன். அனகாபுத்தூரும் குரோம்பேட்டையும் இன்று ஒரே மாநகராட்சி.

உலகில் இந்த யோசனை எப்படித் தொடங்கியது என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998-ல், ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி என்ற பெயரில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். சில ஆராய்ச்சி மாணவர்களுக்காக நினைத்த வகுப்புக்கு நூறு பேர் வந்து நின்றார்கள். ஓவியர்கள், கட்டடக் கலைஞர்கள், இயந்திரமே தொட்டறியாதவர்கள். தன் கூச்சலை அடைத்துவைத்து வேறு இடத்தில் வெளியிடும் ஒரு பையைச் செய்தார் ஒரு மாணவி. அதிலிருந்துதான் ‘ஃபேப் லேப்’ பிறந்தது. அந்தக் கழகத்துக்கு வெளியே முதன்முதலில் அமைந்த ஃபேப் லேப்களில் ஒன்று, 2002-ல், புணே மாவட்டத்தின் பாபல் என்ற வறண்ட கிராமத்தில் அமைந்தது. இந்துஸ்தான் லீவர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானியாக இருந்த ஸ்ரீநாத் கல்பாக், 1983-ல் அங்கே விஞ்ஞான ஆசிரமத்தைத் தொடங்கி, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்குக் கைவேலை வழியாகக் கல்வி தந்துகொண்டிருந்தார். அங்கே வந்தவர்கள் தங்கள் தேவையைக் கொண்டுவந்தார்கள்: டீசல் என்ஜினைச் சீராக ஓட்டுவது, பாலின் தரத்தை அளப்பது. பட்டம் பெற்றவரின் ஆய்வகமாக இருந்தது, ஊராரின் பட்டறையாக மாறிய இடம் அது.

உலகம் முழுவதும் ஃபேப் லேப்கள் ஏற்கும் ஒரு பொது சாசனம் இருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். தனிமனிதர்களுக்குத் திறந்த நேரம் இருக்க வேண்டும் என்கிறது. வருகிறவர்கள் யாரையும் காயப்படுத்தாமலும் இயந்திரத்தைக் கெடுக்காமலும் வேலை செய்ய வேண்டும், சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும், கற்றதை எழுதிவைத்து அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்கிறது. அங்கே பிறந்த பொருளை விற்கலாம், தொழிலாக வளர்க்கலாம். ஆனால் மற்றவர் அதைப் பார்த்துக் கற்கத் தடை கூடாது. இதைவிட எளிய விதிகளை நான் எந்தத் தொழிற்சாலையிலும் பார்த்ததில்லை.

பக்கத்து மாநிலம் இதைக் கையில் எடுத்தது. கேரள ஸ்டார்ட்அப் மிஷன் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் ஃபேப் லேப்களை அமைத்து, பொறியியல் கல்லூரிகளிலும் சிறிய ஃபேப் லேப்களைப் பரப்பியது. 2020 ஜனவரியில் கொச்சி களமசேரியில் சூப்பர் ஃபேப் லேப் திறக்கப்பட்டது. இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்கள் அங்கே உண்டு. நம் மாநிலமும் செலவு செய்யாமல் இல்லை. டைடல் பார்க்கில் டசால்ட் சிஸ்டம்ஸுடன் டான்கேம், சீமென்ஸுடன் டான்சாம் என்று உயர்தொழில்நுட்ப மையங்கள் இருக்கின்றன. டாடா டெக்னாலஜிஸ் துணையோடு சுமார் ரூ.2,877 கோடியில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் தொழில் 4.0 மையங்களாக மாற்றப்பட்டன. ஒரகடத்திலும் அப்படி ஒன்று உண்டு. ஏ.ஐ.சி.டி.இ. 2021-ல் ஐடியா லேப் திட்டத்தைக் கொண்டுவந்து, மாணவர் எந்நேரமும் செய்து பழக வேண்டும் என்றது. எல்லாம் நல்லவை. ஆனால் இவற்றில் கம்பெனிக்கு ஒரு வாசல், மாணவருக்கு ஒரு வாசல், ஸ்டார்ட்அப்புக்கு ஒரு வாசல். எதிலும் சேராத மனிதருக்கு வாசல் இல்லை. குறுகிய காலப் பயிற்சி என்றாலும் பாடத்திட்டமும் சான்றிதழும் இருக்கும். பழுதான பாகத்தோடு வந்து மேசையில் உட்கார இடம் இருக்காது.

பள்ளிப் பிள்ளைகள் கதை இன்னும் வருத்தம் தருவது. 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வான பள்ளி ஒன்றுக்கு ரூ.20 லட்சம் வரை கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 அமைப்பதாக 2025-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் அறிவித்தது. எட்டாம் வகுப்பில் சென்சாரைத் தொட்டு, ரோபோ செய்து, கண் மின்னிய பெண் பிளஸ் டூ முடித்துக் கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாளானால், அவளுக்கும் அந்த இயந்திரங்களுக்கும் உறவு அன்றோடு அறுந்துபோகிறது. ஆர்வத்தைத் தூண்டிவிட்டுக் கதவைச் சாத்துவது, தூண்டாமல் விட்டதைவிடக் கொடுமை.

எம்.ஐ.டி. என்றால் உலகத்துக்கு அந்த மாசசூசெட்ஸ் கழகம்; நம் பகுதிக்காரர்களுக்குக் குரோம்பேட்டைதான். சி. ராஜம் தன் மாளிகையை விற்றுப் பணம் போட்டு 1949-ல் தொடங்கிய கல்லூரி. விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று வேறெங்கும் எளிதில் கிடைக்காத பாடங்களை அன்றே வைத்தவர் அவர். ராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் அங்கே மாணவராக இருந்தபோது, பாடம் நடத்துவதற்காகப் பழைய விமானங்கள் இரண்டை வளாகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் நெடுநேரம் அவற்றின் அருகே உட்கார்ந்திருந்ததாகக் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வகுப்பு முடிந்த பிறகு அந்த இடத்தைப் பூட்டியிருந்தால் அவருக்கு அந்த மாலைகள் வாய்த்திருக்காது. நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் நுழைவாயிலில் கலாமின் படத்தை மாட்டியிருக்கிறீர்கள். அவர் உட்கார்ந்திருந்தது வகுப்பு நேரத்துக்குப் பிறகு என்பதை நினைவில் கொள்ளுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தயக்கங்களை நான் அறிவேன். விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பது முதல் தயக்கம். அது நியாயமானது, அதை யாரும் லேசாகப் பேசக் கூடாது. லேத்தில் துப்பட்டா சிக்குவதும், கையுறை போட்ட விரலை வேலைத்துண்டு இழுப்பதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். லேசர் கட்டரில் பி.வி.சி. ஷீட்டை வைத்தால் நுரையீரலை அரிக்கும் அமில வாயு வரும், இயந்திரமும் துருப்பிடிக்கும். வெட்டும் மரமோ அக்ரிலிக்கோ தீப்பிடிக்கலாம் என்பதால் ஓடும் லேசரை விட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. ஆகவே முதல் நாள் யாருக்கும் இயந்திரம் கிடையாது. மூன்று மணி நேரப் பாதுகாப்பு வகுப்பு, தமிழில். பிறகு கண்காணிப்பில் ஒரு சிறு வேலை. அதன் பிறகே, இந்த இயந்திரத்தை இவர் இயக்கலாம் என்று அட்டையில் முத்திரை. லேத்துக்கும் மில்லிங்குக்கும் நீண்ட பயிற்சி வேண்டும்; 3டி பிரிண்டருக்கு அவ்வளவு வேண்டியதில்லை. முதல் ஆண்டு பிரிண்டர், லேசர், எலெக்ட்ரானிக்ஸ் மேசை மூன்றை மட்டும் திறந்துவிடுங்கள், லேத்தைப் பிறகு பார்ப்போம். வருகிறவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுப்பது பெரிய செலவில்லை. ஆயுதம் எதையும், ஆயுதத்தின் பாகத்தையும் செய்யக் கூடாது. யார் என்ன செய்தார் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். மறுசாவி செய்ய வந்தால் மறுத்துவிட வேண்டும்.

இதெல்லாம் நடப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் அவர்தான். இயந்திரம் வாங்கி, நாடா வெட்டி, ஆறு மாதத்தில் தூசி படிந்த மையங்களை நாட்டில் நிறையப் பார்த்துவிட்டோம். பெரும்பாலும் அங்கே சம்பளம் வாங்கும் பட்டறை ஆசிரியர் இருக்க மாட்டார். உங்கள் லேப் அசிஸ்டென்ட்டும் பட்டறை போதகரும் காலை எட்டிலிருந்து நின்றுகொண்டிருப்பவர்கள். அவர்களையே இரவு எட்டரை வரை சும்மா நிறுத்திவைக்கக் கூடாது. மாலை வேலைக்குத் தனிச் சம்பளம் வேண்டும். ஒரு மாலைக்கு ஆயிரம், ஞாயிற்றுக்கு இரண்டாயிரம் என்று வைத்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் ஆகும். இரண்டு பேர் என்றால் நாலு லட்சத்துச் சொச்சம். ஒரு கல்லூரி ஆண்டு விழாப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தப் பணத்தை நீங்கள் மட்டும் தர வேண்டும் என்பதில்லை. 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள். மாநகராட்சியோடு நீங்கள் கூட்டாக ஒரு ஒப்பந்தம் போடலாம்: இடமும் இயந்திரமும் உங்களுடையது, மாலை ஆசிரியரின் சம்பளம் மாநகராட்சியுடையது. ஒரகடத்திலும் மறைமலைநகரிலும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. வாழ்வாதாரத் திறன் வளர்ப்பைக் கம்பெனிச் சட்டம் சமூகப் பொறுப்பு நிதிக்கு உரிய செலவாகவே ஏற்றிருக்கிறது. வருகிறவரும் பொருளுக்குக் காசு கொடுக்கட்டும். பிளாஸ்டிக் இழைக்குக் கிராம் கணக்கு, லேசருக்கு நிமிடக் கணக்கு. உள்ளே வந்து உட்காருவதற்கு மட்டும் காசு வாங்காதீர்கள்.

இதற்கு முன்னோடி நம்மிடமே உண்டு. 1948-ல் மெட்ராஸ் மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. அப்படிச் செய்த முதல் மாகாணம் நம்முடையது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார். அதன் வழியாகத்தான் இன்றும் நம் சொத்து வரியோடு நூலக வரி வசூலாகிறது. புத்தகம் வாங்க முடியாதவனும் படிக்கலாம், எந்தப் பள்ளியிலும் சேராதவனும் படிக்கலாம் என்று அன்று பொதுப்பணத்தால் உறுதி சொன்ன சமூகம் நாம். 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் அதன் அடுத்த படி. சிறு கட்டணத்தில் மேசையும் இணையமும் தந்து, வீட்டில் இடம் இல்லாத இளைஞர்களுக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் கொடுத்தது. அதற்கும் அடுத்த படி, கையால் செய்து பார்க்கும் இடம். லேப்டாப்போடு போக ஒரு பொது இடம் வந்துவிட்டது. ரம்பத்தோடும் சால்டரிங் அயர்னோடும் போக இன்னும் வரவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பார்சிலோனா நகராட்சி பேட்டைக்கு ஒன்றாகப் பொது உற்பத்திப் பட்டறைகளை அமைக்கத் தொடங்கியபோது, 2013-ல் சியுதாத் மெரிடியானா என்ற ஏழைப் பேட்டையில் எதிர்ப்பு வந்தது. வேலையின்மையாலும் வீட்டை விட்டு வெளியேற்றப்படுவதாலும் மக்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வேண்டியது உணவு வங்கி, பிரிண்டர் அல்ல என்று சொல்லிக் கட்டடத்தில் புகுந்து அமர்ந்தார்கள். பேசித் தீர்த்த பிறகே, வேலைப் பயிற்சிக்கு முதலிடம் தந்து பட்டறை நடந்தது. ஆகவே திறப்பதற்கு முன் கேளுங்கள். கன்னடபாளையத்திலும் இரும்புலியூரிலும் நாகல்கேணியிலும் மக்களைக் கூட்டி, எது உடைந்து கிடக்கிறது, எது செய்ய முடிந்தால் நாலு காசு வரும் என்று கேளுங்கள். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதை அங்கிருப்பவர்கள் மறக்கவில்லை. அடையாற்று ஓரத் தெருக்களுக்கு நீர்மட்டம் காட்டும் மலிவான கருவி வேண்டும் என்று அவர்களே சொல்லக்கூடும். நீங்களாக ட்ரோன் பட்டறை நடத்திவிட்டுக் கூட்டம் வரவில்லை என்று சொல்லாதீர்கள்.

பெண்களைப் பற்றி ஒன்று. மெப்ஸ் வாசலில் ஷிப்ட் விடும்போது வெளியே வருகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும். எலெக்ட்ரானிக்ஸ் அசெம்ப்ளியில் அவர்கள் கை என் கையைவிடச் சுத்தம். ஆனால் வேலையிடத்தில் ஒரே ஒரு ஜாயின்ட்டைத்தான் நாள் முழுக்கச் சால்டர் செய்வார்கள். முழுப் பொருளையும் செய்து பார்க்கும் வாய்ப்பு கிடைக்காது. அவர்கள் வர வேண்டும் என்றால் பெண் போதகர் ஒருவர் வேண்டும், சுத்தமான கழிப்பறை வேண்டும், வளாக வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை விளக்கு எரிய வேண்டும், பிள்ளையை உட்காரவைக்க ஒரு ஓரம் வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட்டால் பட்டறை ஆண்பிள்ளைகளின் அரட்டை இடமாகிவிடும்.

மொழியும் தடையாக இருக்கிறது. இயந்திரத்தின் மெனுவும் கையேடும் ஆங்கிலம். 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே சொல்லித் தருகிறது. அந்த வழியில் ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பை ஒட்டலாம். உங்கள் மாணவர்களை எழுதச் சொல்லுங்கள்.

ஒரே கல்லூரி எல்லா நாளும் திறக்க வேண்டியதும் இல்லை. ஏழு நிறுவனங்கள் கூடிப் பேசி நாளைப் பகிர்ந்துகொண்டால், ஒரு நாள் குரோம்பேட்டை, மறுநாள் மேற்குத் தாம்பரம், அடுத்து சேலையூர், அதற்கடுத்து வண்டலூர் என்று வாரம் முழுவதும் இந்த வட்டாரத்தில் எங்கேனும் ஒரு பட்டறை திறந்திருக்கும். ஒரே உறுப்பினர் அட்டை எல்லா இடத்திலும் செல்ல வேண்டும். ஒரு வளாகத்தில் எடுத்த பாதுகாப்புப் பயிற்சியை மற்றவை ஏற்க வேண்டும். மின்சார ரயில் ஓடும் ஊர் இது. அரை மணி நேரத்தில் யாரும் எங்கும் போய்விடலாம். தரமணி மத்திய பாலிடெக்னிக்கில் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் டிப்ளமா படித்த வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்ததே. இருட்டிய பிறகு பட்டறையை நடத்துவது நமக்குப் புதிதல்ல.

வரும் செமஸ்டர் விடுமுறையில் நாலு ஞாயிறுகள் மட்டும் சோதித்துப் பாருங்கள். ஒரு வளாகம் முன்வந்தால் போதும். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பெருங்களத்தூர் மெக்கானிக்கை நான் அழைத்து வருகிறேன். அளவெடுக்கவும், வெர்னியர், மைக்ரோமீட்டர் பிடிக்கவும், டிராயிங் படிக்கவும் கற்றுத்தர நான் சம்பளமில்லாமல் வருவேன். மெப்ஸிலும் ஒரகடத்திலும் ஓய்வு பெற்ற என் போன்ற டூல் ரூம்காரர்கள் இந்தப் பக்கம் நிறைய இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். நாலு ஞாயிறுகளின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நீங்களும் நாங்களும் சேர்ந்து மாநகராட்சிக்குப் போவோம்.

உங்களில் யார் முதலில் சாவியை எடுக்கிறீர்கள் என்று தெரிவியுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
சேலையூரிலிருந்து ஓய்வுபெற்ற டூல் ரூம் மேற்பார்வையாளர் ஒருவர்